லேப் ரெக்கார்டிலிருந்து இன்டர்வியூ வரை: பொறியியல் மாணவர் ஆங்கிலம் பேசிப் பழகும் வழி

தெர்மோடைனமிக்ஸ் தாளை ஆங்கிலத்தில் எழுதி 80 மதிப்பெண் வாங்கிய மாணவரிடம், “என்ட்ரோபி என்றால் என்ன, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்” என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. பாடம் தெரியும், ஆங்கிலச் சொல்லும் தெரியும். சொல்லிப் பழகாத வாய்தான் தடுக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) முதலாண்டின் இரண்டு செமஸ்டரிலும் ‘புரொஃபெஷனல் இங்கிலீஷ்’ தாள் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூக்கள் வருவது பெரும்பாலும் நான்காம் ஆண்டில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பலருக்கு ஆங்கிலம் பேச வேண்டிய தேவையே வராமல் போகிறது. இந்த வழிகாட்டி அந்த இரண்டு ஆண்டுகளுக்கானது. இப்போதே கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம் கையில் இருந்தால் பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதற்காக இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ‘30 நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களில் வரும் ஹோட்டல் உரையாடலும் ரயில் நிலைய உரையாடலும் உங்களுக்கு இப்போது உதவாது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பொறியியலை வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை என்பதால், எப்படிச் சொல்வது என்பதில் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

பாடப்புத்தகம் உங்கள் பையிலேயே இருக்கிறது

லேப் ரெக்கார்டை எடுங்கள். நீங்கள் கையால் செய்த, கண்ணால் பார்த்த ஒரு சோதனையைத் தேர்ந்தெடுங்கள். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு யூ.டி.எம். இயந்திரத்தில் செய்யும் டென்சைல் டெஸ்ட் (உலோகத்தை இழுத்து வலிமை பார்க்கும் சோதனை) நல்ல தொடக்கம். ப்ரொசீஜர் பகுதியை ஒருமுறை படித்துவிட்டு ரெக்கார்டை மூடுங்கள். போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, 90 விநாடி அந்தச் சோதனையை விளக்குங்கள்.

“வீ டுக் எ மைல்ட் ஸ்டீல் ஸ்பெசிமன். தி டயாமீட்டர் வாஸ் 10 மில்லிமீட்டர்ஸ் அண்ட் தி கேஜ் லெங்த் வாஸ் 50 மில்லிமீட்டர்ஸ். வீ ஃபிக்ஸ்ட் இட் பிட்வீன் தி கிரிப்ஸ். வீ அப்ளைட் தி லோட் ஸ்லோலி.” இவ்வளவு எளிமையாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு செய்தி.

பேசியதைக் கேளுங்கள். கேட்கும்போது ஒரு தாளில் மூன்றை மட்டும் குறியுங்கள்: எங்கே நின்றுபோனீர்கள், எந்தச் சொல் கிடைக்கவில்லை, எந்த வாக்கியம் முடியாமல் தொங்கியது. பிறகு இரண்டாம் முறை பேசுங்கள். கேளுங்கள். மூன்றாம் முறையும் பேசுங்கள். முதல் முறை செய்தியைத் தேடுவதிலேயே போய்விடும். இரண்டாம் முறைதான் வாக்கியம் அமையும். ஓட்டம் வருவது மூன்றாம் முறையில். ஒரே முறை பேசிவிட்டு ‘எனக்கு வரவில்லை’ என்று விட்டுவிடுவதால்தான் பலர் முதல் வாரத்திலேயே நின்றுபோகிறார்கள்.

இதற்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 நிமிடம் போதும், வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள். கிரிக்கெட் நெட் பயிற்சியைப் போல, நாக்குக்குப் பழக்கம் தினமும் வேண்டும்.

எழுதி மனப்பாடம் செய்யும் ஆசை கட்டாயம் வரும். மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு சொல் மறந்தால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குவார், எதிரே இருப்பவருக்கு அது அப்போதே தெரிந்துவிடும். உங்களைச் சோதித்துக்கொள்ள எளிய வழி: நீங்கள் பேசும்போது அறைத் தோழரை நடுவில் மறித்து ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால், அது உங்கள் சொந்தப் பேச்சு.

வினைச்சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள்

ஆங்கிலம் தடுமாறுவதற்கு, தமிழில் சிந்திப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். தமிழில் சிந்திப்பதில் தவறே இல்லை. சிக்கல் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதற்கு முன் ‘படித்து’, ‘பார்த்து’, ‘குறைந்திருந்தால்’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்ற இரண்டும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். நீளமான தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இறங்கினால், வினைச்சொல்லைத் தேடி நடுவழியில் நிற்பீர்கள்.

ஒரு ப்ராஜெக்டிலிருந்து எடுத்துக்காட்டு: “மண்ணின் ஈரப்பதத்தைச் சென்சாரிலிருந்து படித்து, அது 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ரிலேயை ஆன் செய்து பம்பை ஓட வைக்கும் புரோகிராமை எழுதினோம்.” (ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்.) தமிழில் இது இயல்பான வாக்கியம். இதை அப்படியே திருப்பாமல், முதலில் தமிழிலேயே துண்டாக்குங்கள். நாங்கள் ஒரு புரோகிராம் எழுதினோம். அது ஈரப்பதத்தைப் படிக்கிறது. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ரிலேயை ஆன் செய்கிறது. ரிலே பம்பை ஓட்டுகிறது. இப்போது ஆங்கிலம் தானாக வரும்: “வீ ரோட் எ புரோகிராம். இட் ரீட்ஸ் தி சாயில் மாய்ஸ்சர். இஃப் தி மாய்ஸ்சர் கோஸ் பிலோ 30 பர்சென்ட், இட் டர்ன்ஸ் ஆன் தி ரிலே. தி ரிலே ஸ்டார்ட்ஸ் தி பம்ப்.”

முதல் இரண்டு வாரம் இந்தத் துண்டாக்கும் பயிற்சியை மட்டும் செய்தாலே போதும் என்பது எங்கள் கருத்து. ஒரு வாக்கியம் 12 சொல்லைத் தாண்டினால் இரண்டாக வெட்டுங்கள். சின்ன வாக்கியம் பேசினால் தரம் குறைவாகத் தெரியுமோ என்ற தயக்கம் வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கும் பொறியாளருக்கு வேண்டியது புரிகிற விளக்கம்.

வேறு சில பிழைகளுக்கும் வேர் தமிழில்தான் இருக்கிறது, அதனால் காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது. ‘செய்கிறேன்’ என்ற ஒரே வடிவம் தமிழில் வழக்கமாகச் செய்வதையும் இந்த நொடியில் செய்துகொண்டிருப்பதையும் குறிக்கும். ஆகவே ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் அரியர்’ என்று வருகிறது. ‘ஐ ஹேவ்’ போதும். தமிழ்நாட்டில் அரியர் (தேறாமல் நிலுவையில் இருக்கும் தாள்) என்பதைப் பிற மாநில நிறுவனங்களின் படிவத்தில் ‘பேக்லாக்’ என்று கேட்பார்கள், குழம்ப வேண்டாம். ‘பற்றி விவாதித்தோம்’ என்று சொல்லும் பழக்கம் ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ ஆகிறது. ‘அபௌட்’ வேண்டாம். ‘எனக்கு விளக்குங்கள்’ என்பது ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ ஆகிறது, நடுவில் ‘டு’ வர வேண்டும். ‘டிட் நாட்’டுக்குப் பிறகு ‘வென்ட்’, ‘கேம்’ வராது, ‘கோ’, ‘கம்’தான். ‘ஒன் ஆஃப் மை’ என்று தொடங்கினால் அடுத்த பெயர்ச்சொல் பன்மையில் வேண்டும்: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’.

‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும் அறிமுகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘ஐ ஆம்’ என்று சொல்லிப் பெயரைச் சொன்னால் முடிந்தது. ‘பாஸ்ட் அவுட்’ நம் ஊரில் படிப்பு முடித்ததைக் குறிக்கும், வெளிநாட்டவர் காதில் மயங்கி விழுந்ததாகக் கேட்கும். ‘கிராஜுவேட்டட்’ என்பது எல்லா இடத்திலும் புரியும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நாம் கேள்வி என்று நினைக்கிறோம், அவர்கள் நீங்கள் நம்பவில்லை என்று நினைப்பார்கள். ‘க்வெஸ்ச்சன்’ என்றே சொல்லுங்கள்.

உச்சரிப்பு: எது முக்கியம், எது இல்லை

அமெரிக்கர் போலவோ பிரிட்டிஷார் போலவோ பேச முயல வேண்டாம். தமிழ் வாசனையுள்ள ஆங்கிலம் தவறே அல்ல. பொருள் மாறும் இடங்களை மட்டும் திருத்தினால் போதும்.

மின்சாரத்தின் ஃபேஸை நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் ‘பேஸ்’ என்பார்கள். அடித்தளத்தைக் குறிக்கும் சொல்லும் ‘பேஸ்’, வேகத்தைக் குறிக்கும் சொல்லும் ‘பேஸ்’. ஆங்கிலத்தில் இவை மூன்றும் மூன்று ஒலி. சிவில் மாணவர் ‘பைல்’ ஃபவுண்டேஷனையும் கோப்பைக் குறிக்கும் ‘ஃபைலை’யும் ஒரே மாதிரி சொன்னால் கேட்பவர் குழம்புவார். ஹீட் சிங்க்கின் ‘சிங்க்’கும் துத்தநாகமான ‘ஸிங்க்’கும் அப்படித்தான்.

ஃப் ஒலிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், உதடுகள் இரண்டும் ஒட்டக் கூடாது. துத்தநாகத்தின் முதல் ஒலிக்குத் தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள். தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும். ‘பைல்’ என்பதன் முதல் ஒலியில் வாய்க்கு முன் பிடித்த மெல்லிய தாள் அசைய வேண்டும், ‘பேஸ்’ என்ற அடித்தளச் சொல்லில் அசையக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், இரண்டு வாரம். இதற்கு மேல் தேவையில்லை.

அடுத்தது சொல்லின் முடிவில் நாம் சேர்க்கும் உகரம். ‘போல்ட்டு’, ‘ஷாஃப்ட்டு’, ‘சர்க்யூட்டு’. தமிழ்ச் சொற்கள் வல்லினத்தில் முடியாது என்பதால் வரும் பழக்கம் இது. சொல்லை முடித்தவுடன் நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். ‘எனர்ஜி’க்கு முன் யகரமும் ‘ஓபன்’னுக்கு முன் வகரமும் சேர்வதும் இதே வகைதான்.

சொல்லில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் அழுத்தம் மாறினால் ஆங்கிலக் காதுக்கு அந்தச் சொல்லே அடையாளம் தெரியாது. ‘டெவலப்’பில் நடு அசை. ‘எக்விப்மென்ட்’டில் ‘க்விப்’. ‘காம்போனென்ட்’டில் ‘போ’. ‘டிடர்மின்’னில் ‘டர்’, கடைசி அசை ‘மைன்’ ஆகாது. உயரத்தைக் குறிக்கும் சொல் ‘ஹைட்’. உங்கள் துறையில் தினமும் புழங்கும் 100 சொற்களைப் பட்டியலிட்டு, இணைய அகராதியில் ஒலிக்குறியை அழுத்திக் கேட்டு, அழுத்தம் வரும் அசைக்குக் கீழே கோடு போடுங்கள். ஒரு வாரத்து வேலை.

எண்களைத் தனியாகப் பழகுங்கள். ஆன்லைன் மீட்டிங்கில் பெரிய தவறுகள் எண்ணில்தான் நடக்கும். 3.14 என்பது ‘த்ரீ பாயின்ட் ஒன் ஃபோர்’, ‘பாயின்ட் ஃபோர்ட்டீன்’ அல்ல. 13, 30 இரண்டும் குழம்பும் என்பதால் ‘தர்ட்டீன், ஒன் த்ரீ’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் லட்சம், கோடி செல்லாது: 1 லட்சம் ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’, 1 கோடி ‘டென் மில்லியன்’. தேதியை 05/06 என்று எழுதினால் அமெரிக்கருக்கு மே 6, நமக்கு ஜூன் 5. மாதத்தைப் பெயராக எழுதுங்கள்.

காதுக்குப் பயிற்சி

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டெல். என்ற திட்டத்தின் வீடியோ விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேராசிரியர்கள் பேசுவது நம் நாட்டு ஆங்கிலம், பொருளோ உங்கள் பாடம். இந்த செமஸ்டரில் படிக்கும் தாளையே தேர்ந்தெடுங்கள். மூன்று நிமிடத் துண்டை சப்டைட்டில் இல்லாமல் கேட்டு, புரிந்ததை ஐந்து வரியில் எழுதுங்கள். சப்டைட்டிலோடு மறுபடி பார்த்து விட்டதைச் சேருங்கள். மூன்றாம் முறை, அவர் பேசப் பேசக் கூடவே, அரை நொடி பின்னால், வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை எங்கே விடுகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பது இப்படித்தான் பிடிபடும். ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டுக் கேட்பதைவிட இந்த மூன்று நிமிடம் மேல்.

ப்ராஜெக்டை இரண்டு நிமிடத்தில் சொல்வது

டெக்னிகல் ரவுண்டில் ஏறத்தாழ எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி இது. நிமிடத்துக்கு 120 முதல் 130 சொல் என்ற நிதானத்தில் பேசினால் மொத்தம் 250 சொல்தான் கிடைக்கும். பலர் அதில் பாதியை ‘ஐ.ஓ.டி. (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் தொழில்நுட்பம்) என்றால் என்ன’ என்று விளக்குவதில் செலவழித்துவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது தெரியும். உங்கள் ப்ராஜெக்ட்தான் தெரியாது.

முதல் இரண்டு வாக்கியத்தில் பிரச்சினையைச் சொல்லுங்கள்: விவசாயி மோட்டாரைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் வீணாகிறது. அடுத்து நீங்கள் கட்டியது என்ன என்று ஒரே வாக்கியம். பிறகு அது எப்படி வேலை செய்கிறது என்று உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை வரிசையாக: சென்சார், ஈ.எஸ்.பி.32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ரிலே, 12 வோல்ட் பம்ப். இங்கே நிகழ்காலம் போதும். நீங்கள் செய்த வேலைக்கு வரும்போது இறந்தகாலத்துக்கு மாறி, ‘வீ’யிலிருந்து ‘ஐ’க்கு வாருங்கள். “ஐ ரோட் தி கோட் அண்ட் காலிபிரேட்டட் தி சென்சார்.” நாலு பேர் செய்த ப்ராஜெக்டில் உங்கள் பங்கு எது என்று தெரியாமல் உங்களை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? அடக்கத்தால் ‘வீ’ என்றே பேசி வாய்ப்பை இழக்கும் மாணவர்கள் நிறைய.

கடைசியாக, நீங்களே அளந்த ஓர் எண்ணும், வேலை செய்யாத ஒரு விஷயமும். “தி ரீடிங்ஸ் வேர் நாட் ஸ்டேபிள், ஸோ ஐ டுக் தி ஆவரேஜ் ஆஃப் டென் ரீடிங்ஸ்.” குறையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயப்பட வேண்டாம். கையால் வேலை செய்தவருக்குத்தான் குறை தெரியும், அடுத்த கேள்வியும் உங்களுக்குத் தெரிந்த அந்த இடத்திலிருந்தே வரும். ப்ராஜெக்டை வெளியே காசு கொடுத்து வாங்கியிருந்தால் இந்தப் பகுதியில் எந்த ஆங்கிலமும் காப்பாற்றாது.

இமெயில்

பள்ளியில் கற்ற விடுப்புக் கடித நடை எச்.ஓ.டி.க்கு (துறைத் தலைவருக்கு) போதும். நிறுவனத்துக்கு எழுதும்போது ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். பெயர் தெரிந்தால் ‘டியர்’ சேர்த்துப் பெயர், தெரியாவிட்டால் ‘டியர் ஹையரிங் டீம்’. எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘சார்’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

சப்ஜெக்ட் வரியைப் படித்தாலே வேலை புரிய வேண்டும். ‘ரிக்வெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. ‘இன்பிளான்ட் ட்ரெய்னிங் ரிக்வெஸ்ட்: தேர்ட் இயர் மெக்கானிக்கல், 2 டு 13 ஜூன்’ என்று எழுதினால் திறக்காமலே தெரியும். உள்ளே முதல் வரியில் கேட்க வந்ததைக் கேளுங்கள், இரண்டாவதில் நீங்கள் யார், மூன்றாவதில் எந்தப் பிரிவில் என்ன கற்க விரும்புகிறீர்கள், நான்காவதில் இணைத்திருக்கும் கோப்பு. தொலைபேசி எண்ணோடு முடியுங்கள். ‘டு தி நீட்ஃபுல்’, ‘கைண்ட்லி ரிவர்ட் பேக்’ இரண்டும் இந்திய அலுவலகப் பழக்கம். ‘ப்ளீஸ் லெட் மீ நோ’ தெளிவானது. ரெஸ்யூமே கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் துறையும் இருக்கட்டும். அனுப்பும் முன் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மறந்துபோவது இதுதான்.

பயமும் துணையும்

‘பீட்டர் விடுறான்’ என்ற ஒரு கிண்டலுக்குப் பயந்தே ஆங்கிலம் பேசாமல் நாலு வருஷம் ஓட்டியவர்கள் எல்லா ஹாஸ்டலிலும் இருக்கிறார்கள். தனியாகச் சமாளிப்பது கடினம். நாலு பேராகச் சேருங்கள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம், ஒரே விதி: பேசும்போது யாரும் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. பேசி முடித்த பிறகு ஆளுக்கு ஒரு திருத்தம் மட்டும். பத்துப் பிழையை ஒரே நேரத்தில் சுட்டினால் அடுத்த நாள் அவர் வரமாட்டார்.

இந்தக் குழுவே ஜி.டி. (குழு விவாதம்) பயிற்சிக்கும் ஆகும், முடிந்தால் இன்னொரு அறையிலிருந்து நாலு பேரைச் சேர்த்து எட்டாக்குங்கள். தலைப்பைக் கொடுத்து 10 நிமிடம் ஓடவிடுங்கள். ஒருவர் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பேசினால் போதுமானது. முதலில் பேசினால் மதிப்பெண் என்று நம்பி, சொல்ல ஒன்றும் இல்லாமல் தொடங்குகிறவர்கள் பின்னால் எழவே முடிவதில்லை. முந்தைய பேச்சாளரின் கருத்தைப் பிடித்து நுழையுங்கள்: “ஐ வுட் லைக் டு ஆட் டு தட்.” மறுப்பதானால், “ஐ ஸீ யுவர் பாயின்ட், பட் தி காஸ்ட் இஸ் எ ப்ராப்ளம்.”

இன்டர்வியூ அறையில்

கேள்வி புரியாதபோது தலையாட்டிவிட்டு எதையோ சொல்வது ஆபத்தானது. “குட் யூ ப்ளீஸ் ரிபீட் தி லாஸ்ட் பார்ட்?” என்று கேட்கலாம். இன்னும் நல்லது, புரிந்த அளவைச் சொல்லிக் கேட்பது: “ஆர் யூ ஆஸ்கிங் வை வீ யூஸ்ட் எ ரிலே?” பதில் தெரியாவிட்டால், “ஐ ஹேவ் நாட் வொர்க்ட் ஆன் தட். பட் ஐ நோ எ ரிலேட்டட் டாபிக்” என்று தெரிந்த பக்கத்துக்கு வாருங்கள். சொல் கிடைக்காமல் நின்றால் ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ போட்டு நிரப்பாமல் இரண்டு விநாடி மௌனமாக இருங்கள். கேட்பவருக்கு அது யோசிப்பதாகத் தெரியும். வாக்கியம் நடுவில் சிக்கினால், “லெட் மீ புட் இட் சிம்ப்ளி” என்று சொல்லிவிட்டுச் சின்ன வாக்கியத்தில் புதிதாகத் தொடங்குங்கள். தாளும் பேனாவும் கேட்டு வாங்கி ஒரு பிளாக் டயகிராம் போட்டு விளக்குவதும் உண்டு. படம் இருந்தால் வாக்கியங்கள் தானாகச் சிறியதாகும்.

முடிவில் “டூ யூ ஹேவ் எனி க்வெஸ்ச்சன்ஸ் ஃபார் அஸ்?” என்பார்கள். ‘நோ சார்’ என்று எழுந்துவிட வேண்டாம். முந்தைய நாளே இரண்டு கேள்வியைத் தயார் செய்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “வாட் வில் எ நியூ எஞ்சினியர் டூ இன் தி ஃபர்ஸ்ட் சிக்ஸ் மந்த்ஸ்?” என்பது ஒன்று. இன்னொன்றை அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அதில் உங்கள் ப்ராஜெக்டுக்கு நெருக்கமான பிரிவு எது என்று பார்த்து நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.